பிளஸ் டூ மதிப்பெண் வருமுன் எங்கே விண்ணப்பிக்கலாம், எங்கே பணம் கட்டக் கூடாது

பன்னிரண்டாம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோருக்கு,

வணக்கம்.

பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. மதிப்பெண் வர இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் வீட்டுத் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். "இந்த வாரம் முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, ரிசல்ட் வந்துவிட்டால் கிடைக்காது" என்பார்கள். மறுபக்கம், "மார்க் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்து நல்ல கல்லூரியின் விண்ணப்பத் தேதியைக் கோட்டைவிடும் வீடுகளும் உண்டு. இரண்டிலும் இழப்பு பிள்ளைக்குத்தான். விண்ணப்பிப்பது வேறு, பணம் கட்டிச் சேர்வது வேறு. விண்ணப்பத்தை எவ்வளவு சீக்கிரம் போட முடியுமோ போடுங்கள். பெரிய தொகையை மட்டும் மதிப்பெண் தெரியும்வரை, பொறியியல் என்றால் கலந்தாய்வில் இடம் என்னவென்று தெரியும்வரை, கையை விட்டு இறக்காதீர்கள்.

முதலில் பொறியியல். 2025-ல் பிளஸ் டூ முடிவு மே 8 அன்று வந்தது; பொறியியல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவு அதற்கு முந்தைய நாளே தொடங்கி ஜூன் 6 வரை நடந்தது. மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமலே பதிவு செய்யலாம். தேர்வுப் பதிவெண்ணைச் சரியாகக் கொடுத்தால் போதும், மாநிலப் பாடத்திட்ட மாணவர்களின் மதிப்பெண் தேர்வுத் துறையிலிருந்து தானாகவே வந்து சேரும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் இனத்தவர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. பதிவு செய்ததாலேயே சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் நாளே பதிவு செய்தவருக்குத் தரவரிசையில் முன்னுரிமை கிடையாது. ஒரே கட்-ஆஃப் (கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணிலிருந்து 200-க்குக் கணக்கிடும் தரவரிசை மதிப்பெண்) வாங்கியவர்களில் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில்தான் சமவாய்ப்பு எண்ணுக்கு, அதாவது ஒவ்வொருவருக்கும் கணினி குலுக்கல் போலத் தரும் எண்ணுக்கு, வேலை. பிறகு ஏன் சீக்கிரம் பதிவு செய்யச் சொல்கிறேன் என்றால், சான்றிதழில் பிழை இருந்தால் திருத்த நாள் கிடைக்கும் என்பதற்காகத்தான். கடைசி இரண்டு நாளில் பதிவு செய்பவர்களுக்கு அந்த அவகாசம் இருக்காது.

காத்திருக்கும் நாட்களில் கட்-ஆஃபை இரண்டு விதமாகக் கணக்கிட்டு வையுங்கள். கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக, மொத்தம் 200. உங்கள் பிள்ளை நல்லபடியாக எழுதியதாக நினைத்துச் சொல்லும் மதிப்பெண் கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 84 என்று வைத்துக்கொள்வோம்: 92 + 43 + 42 = 177. கொஞ்சம் கைவிட்டிருந்தால் 84, 78, 78: 84 + 39 + 39 = 162. இந்தப் பதினைந்து மதிப்பெண்ணுக்குள் கிடைக்கும் கல்லூரிகளே மாறிவிடும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று போகும், மற்ற இரண்டில் அரைதான் போகும். ஆகவே கணிதத்தைக் குறைவாகவே போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் முந்தைய ஆண்டுகளில் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் கிடைத்தது என்று கலந்தாய்வு இணையதளத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறைந்த எண்ணுக்கே மனதுக்குப் பிடித்த இடம் ஒன்று கிடைக்கும் என்றால் யாருக்கும் முன்பணம் கட்டத் தேவையே இல்லை.

நமது பள்ளி அரசுப் பள்ளி என்பதால் அடுத்த செய்தியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. இவை இரண்டும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் நேரடியாகப் பணம் கட்டிச் சேர்ந்தால், அதே கல்லூரியாக இருந்தாலும் அதே பாடமாக இருந்தாலும், இரண்டும் கிடையாது. மே மாதம் அவசரப்பட்டுக் கட்டும் பணம், ஆகஸ்டில் இலவசமாகக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை விலை கொடுத்து வாங்குவதாகிவிடும். இதை உங்களிடம் தொலைபேசியில் பேசுபவர் சொல்ல மாட்டார்.

இந்தச் சலுகைகள் சான்றிதழில்தான் தட்டிப்போகின்றன. உங்கள் பிள்ளை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை வேறு பள்ளியில் படித்திருந்தால் அந்தந்தப் பள்ளியில் படிப்புச் சான்று இப்போதே வாங்குங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்துக்கு அலைய நேரும். முதல் தலைமுறைச் சான்று குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லை என்றால்தான் கிடைக்கும். மூத்த பிள்ளை அதே சலுகையில் படித்திருந்தால் இளையவருக்குக் கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்வர நாளாகும். முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். சாதிச் சான்று பழைய கையெழுத்துப் பிரதியாக இருந்தால் மின்சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். நீட், ஜேஇஇ எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் சான்று அகில இந்திய இடங்களுக்குச் செல்லாது. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும்.

மருத்துவம்தான் வேண்டும் என்று இருக்கும் வீடுகளுக்கு. 2025-ல் நீட் மே 4 அன்று நடந்து, முடிவு ஜூன் 14 அன்று வந்தது. அதற்குள் பொறியியல் பதிவு முடிந்துபோயிருந்தது. நீட் முடிவைப் பார்த்துக்கொண்டு மற்றதற்கு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால், நீட் கைவிட்ட அன்று பல கதவுகள் மூடியிருக்கும். வேளாண்மை, கால்நடை மருத்துவம், செவிலியர், மருந்தியல் ஆகியவற்றில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கே தரப்படுகின்றன. ஆனால் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம், கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, துணை மருத்துவப் படிப்புகளுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் தனித்தனி. பொருந்தும் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள்.

கலை அறிவியல் கல்லூரிகளில்தான் உண்மையிலேயே முந்த வேண்டும். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் பதிவுக் கட்டணமும் சேர்த்து 50 ரூபாய்தான், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய் மட்டும். அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் தன்னாட்சிக் கல்லூரிகளும் அப்படியில்லை. ஒவ்வொன்றும் தனக்கென விண்ணப்பம் வைத்திருக்கும், சில ஏப்ரலிலேயே திறந்து, முடிவு வந்த சில நாளில் மூடிவிடும். பி.காம், ஆங்கிலம், கணினி அறிவியல் கேட்பவர்கள் மூன்று நான்கு கல்லூரிகளுக்காவது இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, முன்பணம் கட்டுவது எப்போதுமே தவறா? இல்லை. மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் பிள்ளை அங்கேதான் சேரும், நான்கு ஆண்டுக் கட்டணமும் கடன் வாங்காமல் கட்ட முடியும் என்றால் கட்டலாம். நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2018 அறிவிக்கை இருக்கிறது: சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு செயலாக்கத் தொகை போக முழுப் பணம், அதன்பின் கடைசித் தேதிவரை 90 சதவீதம், தேதி கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. ஆனால் இந்த விதியெல்லாம் கல்லூரியின் பெயரில், "கல்விக் கட்டணம்" என்று எழுதிய ரசீது இருந்தால்தான் கை கொடுக்கும். இடைத்தரகர் கணக்குக்கு ஜிபே செய்த பணத்துக்கும், "நன்கொடை" என்று எழுதிய ரசீதுக்கும் எந்த விதியும் துணைக்கு வராது.

இன்னொன்று, சிறியதாகத் தெரியும், ஆனால் ஆண்டுதோறும் பிள்ளைகளை அழவைப்பது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது கடைக்காரர் அவசரத்துக்குத் தன் செல்பேசி எண்ணையே போட்டுவிடுவார். பிறகு ஓடிபி அவருக்குத்தான் போகும். கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்தும் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் நாளில் அவர் ஊரில் இல்லையென்றால் பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் சொந்த எண், பிள்ளையின் சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல் வீட்டு நோட்டில். அந்த எண்ணுக்கு செப்டம்பர்வரை ரீசார்ஜ் நிற்கக் கூடாது.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும், அதற்குச் சில நாட்களே தருவார்கள். மறுமதிப்பீட்டை நம்பி மற்ற விண்ணப்பம் எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். தேர்ச்சி பெறாதவர்களும் பள்ளிக்கு வாருங்கள். துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு துணைக் கலந்தாய்வில் சேர வழி இருக்கிறது.

நமது பள்ளி ஹைடெக் லேப், ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை 10 முதல் பகல் 1 மணிவரை உங்களுக்காகத் திறந்திருக்கும். பதிவுக்கு இங்கே கட்டணம் இல்லை. வரும்போது பிள்ளையுடன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, ஆதார், சாதிச் சான்று, ஹால் டிக்கெட், ஓடிபி வரும் செல்பேசி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். ஏதாவது கல்லூரி பணம் கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்த தாளையும் எடுத்துவாருங்கள். கட்டுவதற்கு முன் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்