உப்பைச் சோதித்தீர்கள், கடையை எப்போது சோதிப்பீர்கள்?

மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கும், உணவுச் சட்ட அமலாக்கத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன பள்ளித் தவணையில் உங்கள் அலுவலகத்து ஆட்கள், மலேசியத் தோட்டப்புறத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டு உப்பில் ஒரு கரண்டி பொட்டலம் கட்டி எடுத்து வரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நானும் பக்கத்தில் நின்றேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையில் வந்து வெள்ளைத் தட்டுகளில் உப்பைக் கொட்டினார்கள். சொட்டு மருந்து விட்டால் அயோடின் உள்ள உப்பு ஊதாவாக மாறும் என்று தாதி பொறுமையாக விளக்கினார். மாறியது ஒரு சில தட்டுகளில்தான். மற்ற உப்பெல்லாம் வெள்ளையாகவே கிடந்தது. "டீச்சர், என் உப்பு ஏன் மாறல?" என்று ஒரு பையன் கேட்டான். பரீட்சையில் தோற்றவன் போல அவன் முகம் வாடியதை உங்கள் ஆட்களும் பார்த்தார்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தாய்மார்கள் அயோடின் உப்பு வாங்க வேண்டும் என்று ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சோதனையின் முடிவு இன்றுவரை பள்ளிக்கு வரவில்லை. கேட்டு எழுதினால் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வருகிறது.

ஐயா, எங்கே போய் வாங்குவது? எங்கள் பட்டணத்தில் தோட்டத்து மக்கள் சாமான் வாங்கும் கடைகளுக்கு நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள். வாசலிலேயே 50 கிலோ உப்புச் சாக்கு வாய் திறந்து நிற்கும். அடிப்பக்கம் ஈரம் கசிந்து சிமெண்டுத் தரையில் வெள்ளையாகப் பூத்திருக்கும். டின்னால் அள்ளி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் வளையம் மாட்டிக் கொடுப்பார்கள். பையில் பெயர் இல்லை, தேதி இல்லை, அயோடின் என்ற எழுத்தும் இல்லை. சம்பளம் வரும் வரைக்கும் கடன் புத்தகத்தில் எழுதி வாங்குகிற வீட்டுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு கடை கிடையாது. பேரங்காடிக்குப் போக மோட்டார் சைக்கிள் வேண்டும், கையில் ரொக்கமும் வேண்டும்.

1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளைப் பின்னாளில் திருத்தி, 20 கிலோ அல்லது அதற்குக் குறைவான பைகளில் விற்கும் உப்பில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்று விதித்தது உங்கள் அமைச்சுதான். நல்ல விதி. ஆனால் பெரிய சாக்கில் வந்த உப்பை அரைக்கிலோ, ஒரு கிலோ என்று பிரித்து விற்பதை யார் பார்க்கிறார்கள்? தயவுசெய்து எங்கள் பட்டணத்துக் கடைகளைச் சோதியுங்கள். இந்த மடலில் நான் முக்கியமாகக் கேட்பது இதுதான்.

அயோடின் குறைந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியால் போதிய ஹார்மோன் சுரக்க முடியாது. மூளை வளர அந்த ஹார்மோன் வேண்டும். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஏற்படும் குறைதான் பெரிய பாதிப்பைத் தரும். பள்ளி வயதில் வரும் குறையையோ பெரும்பாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கழுத்து வீங்கினால்தான் நோய் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வீக்கமே இல்லாமலும் பிள்ளை மந்தமாக இருக்கலாம், கவனம் நிற்காமல் போகலாம். நியூசிலாந்தில் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு 28 வாரம் தினமும் 150 மைக்ரோகிராம் அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். வடிவங்களைப் பார்த்து யோசிக்கும் சோதனைகளில் அவர்கள் மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு அது. பள்ளிக்கு வந்த பிறகும் ஓரளவு மீட்கலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது வெறும் 120 மைக்ரோகிராம். அதை உப்பில் சேர்க்க ஓர் ஆளுக்கு ஆண்டு முழுவதும் ஆகும் செலவு சில காசுகள்தான்.

இதெல்லாம் புதிதாகத் தெரிந்த சங்கதியும் இல்லை. 2008இல் நாடு முழுவதும் 8 முதல் 10 வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் அயோடின் அளவு குறைவாக இருந்தது. தீபகற்ப மலேசியாவில் போதிய அயோடின் கலந்த உப்பு இருந்த வீடுகள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. சபா மாநிலத்தில் அதற்கும் முன்பே உப்பில் அயோடினைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். இங்கே அந்த விதி வருவதற்குள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு தலைமுறையே படித்து முடித்துவிட்டது.

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கல்வி இலாகாவும் ஒருமுறை பார்க்கட்டும். மண்டையில் ஏறாத பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை அப்படித்தான் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளின் தடுமாற்றத்துக்கும் அயோடின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரத்தச் சோகை இருக்கலாம், கண் பார்வைக் குறை இருக்கலாம், காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். ஆனால் காரணத்தைத் தேடாமல் பிள்ளைக்குப் பட்டம் கட்டுவது அநியாயம். ரப்பர்ப் பால்மரத்திலும் செம்பனையிலும் மூன்று தலைமுறை உழைத்த மக்களின் பிள்ளைகள் இவர்கள். ரோடு வேண்டும், பஸ் வேண்டும், கிளினிக்கில் டாக்டர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மக்கள் இப்போது உப்புக்கும் மனு எழுத வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், மன்னிக்கவும். உங்களிடம் ஆட்கள் குறைவு என்பது தெரியும். பள்ளிக்கு வந்தவர்கள் பிள்ளைகளிடம் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் தாய்மார்களுக்குக் கையேடு கொடுப்பதோடு வேலை முடியாது. கடைகளைச் சோதியுங்கள். அயோடின் கலந்த உப்பைச் சிறு பொட்டலமாக, இவர்கள் வாங்கக்கூடிய விலையில் வைத்திருக்கும்படி கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. முதலில் விளக்குங்கள், அப்புறம் அபராதம் போடலாம். பள்ளியில் சமைப்பவர்கள் எந்த உப்பைப் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். மூடிய டப்பாவில், வெயிலும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும், குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது என்பதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தால் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் தயார்.

அன்றைய சோதனையின் முடிவையும் பள்ளி முகவரிக்கே அனுப்பிவையுங்கள். தன் உப்பு ஏன் நிறம் மாறவில்லை என்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பணிவன்புடன்,
தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாய்