கொடையில் ஒரு பங்கு பராமரிப்புக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளிகளுக்கு ஊர் மக்களும் முன்னாள் மாணவர்களும் செய்யும் உதவி பற்றிய தலையங்கம் படித்தேன். கொடுக்கும் மனதுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. காமராசர் ஆட்சியில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே இடமும் தளவாடமும் தந்தார்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால், கொடுத்த பொருளைப் பராமரிக்க யார் பணம் ஒதுக்குகிறார்கள்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், ஃபில்டர் மாற்றக் காசில்லாமல் மூலையில் கிடக்கிறது. நன்கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது!

1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் தொடங்கிய சமூக அறக்கட்டளை இதற்கு ஒரு வழி காட்டியது. பலர் தரும் கொடையை நிலையான முதலாக வைத்து, அதன் வருமானத்தை உள்ளூர்க் குழுவொன்று ஊர்த் தேவைக்குப் பகிர்ந்தளிக்கும். கோயிலில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய, எண்ணிக்கை குறையாமல் பேணி நெய் பெறும் ஆட்டு மந்தையை ‘சாவா மூவாப் பேராடு’ என்று விட்டுச்சென்ற சோழர் காலத்தவருக்கு இது புதிதாக இருந்திருக்காது. இனி பள்ளிக்கு வரும் ஒவ்வொரு நன்கொடையிலும் பத்தில் ஒரு பங்கை வைப்புநிதியில் போட்டு, வட்டியைப் பராமரிப்புக்கு மட்டும் பள்ளி மேலாண்மைக் குழு செலவிடட்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்க அரசு ஆணையிட வேண்டும்.