என்.எச்.எல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: ஆட்டத் தரவை ரசிகர்களுக்கும் தாருங்கள்

மதிப்புக்குரிய தேசிய ஹாக்கி லீக் (என்.எச்.எல்) நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். டொராண்டோவுக்குக் குடிவந்த பிறகு ஐஸ் ஹாக்கி பார்க்கப் பழகியவன் நான். இந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது ரசிகர்கள் எண்ணிவைத்த கணக்குகளால்தான். அந்த நன்றியோடு ஒரு கோரிக்கை: ஆட்டத்தில் பக்கும் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) வீரர்களும் எந்த நொடியில் எங்கே இருந்தார்கள் என்று நீங்கள் பதிவு செய்யும் தரவை எங்களுக்கும் வெளியிடுங்கள்.

2013-14 பருவத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தொடக்கத்தில் எங்கள் டொராண்டோ அணி மேப்பிள் லீஃப்ஸ் வரிசையாக ஜெயித்தது. ஆனால் ஷாட்டுகளை (கோலை நோக்கிய அடிகளை) எண்ணிக்கொண்டிருந்தவர்கள், "எதிரணிதான் அதிகம் அடிக்கிறது, கோலிகள் (கோல் காப்பாளர்கள்) காப்பாற்றுகிறார்கள், இது நிலைக்காது" என்று அப்போதே சொன்னார்கள். கடைசி 14 ஆட்டங்களில் 12 தோல்வி. கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஆஃப் கைவிட்டுப் போனது.

அவர்கள் வைத்திருந்த கணக்குக்குப் பெயர் கோர்ஸி. உள்ளே போனது, கோலி பிடித்தது, விலகிப் போனது, நடுவில் ஒருவர் மேல் பட்டு நின்றது என எல்லா ஷாட் முயற்சிகளையும் எண்ணுவது. பஃபலோ சேபர்ஸ் அணியின் கோலி பயிற்சியாளர் ஜிம் கோர்ஸி, கோலிகளின் வேலைப்பளுவை அறிய இப்படி எண்ணினார். அதையே ஓர் அணியின் பலத்தை அளக்கும் அளவுகோலாக மாற்றியது சம்பளம் வாங்காத ரசிகர்கள். 2014 கோடையில் அணிகள் அவர்களைத் தேடிப்போய் வேலைக்கு எடுத்தன. எல்லோரும் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இணையதளம், அதை நடத்தியவர் லீஃப்ஸில் சேர்ந்ததும் மூடப்பட்டது. அவருக்கு நல்லது நடந்தது, சந்தோஷம். எங்களுக்குத்தான் இழப்பு.

இப்போது பக்குக்குள்ளேயே உணரி இருக்கிறது. நொடிக்கு 60 தடவை அதன் இடம் பதிவாகிறது. வீரர்களின் ஜெர்சியிலும் உணரி உண்டு. 2023-இல் நீங்கள் தொடங்கிய எட்ஜ் தளத்தில் யார் வேகமாகச் சறுக்கினார், யார் பலமாக அடித்தார் என்று பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் சமைத்த சாப்பாடு. அரிசியை, அதாவது மூலத் தரவை, எங்கள் கண்ணில் காட்டவில்லை.

அரிசி ஏன் வேண்டும்? நீங்கள் வெளியிடும் ஆட்டப் பதிவில் ஷாட் எங்கிருந்து வந்தது என்று இருக்கும். அதற்கு முன் பக் குறுக்கே பாஸ் ஆனதா, கோலியின் பார்வையை யாராவது மறைத்து நின்றார்களா என்று இருக்காது. ஒரே இடத்திலிருந்து வரும் இரண்டு ஷாட்டுகளில் ஒன்று சுலபம், இன்னொன்று கோலியால் எட்டவே முடியாதது. நம் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். தடுப்பாட்டக்காரர் பாடு இன்னும் மோசம். சரியான இடத்தில் நின்று எதிராளியை அடிக்கவே விடாமல் செய்தால், அவர் செய்த நல்ல வேலை எந்தப் பட்டியலிலும் வராது.

போட்டி ரகசியம் கெடும் என்பீர்கள். 32 அணிகளிடமும் இந்தத் தரவு ஏற்கனவே இருக்கிறதே! பழைய பருவத்தை வெளியிட்டால் யாருக்கு நஷ்டம்? வீரர்களின் உடல்நலத் தகவல் எதையும் நான் கேட்கவில்லை. அவர்கள் சங்கத்தையும் கலந்து முடிவெடுங்கள். அமெரிக்கக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்) பல வருடங்களாக இப்படித் தரவை வெளியிட்டு, அதை அலசும் போட்டி நடத்தி, அதிலிருந்தே ஆட்களையும் கண்டெடுக்கிறது.

எல்லாப் பருவமும் வேண்டாம். 2021-22 மட்டும் போதும், எல்லா ஆட்டங்களும், பக்கும் வீரர்களும் இருந்த இடங்களோடு. வரும் கோடையில் வெளியிடுங்கள். புதிய பருவம் தொடங்கும்போது அந்தத் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றி நாங்கள் உங்களுக்கே எழுதுகிறோம்.

அன்புடன்,
டொராண்டோவிலிருந்து ஒரு ரசிகன்