கேலரியில எங்க ஆளுங்களுக்கும் ஒரு இடம் வேணும்: சிவகங்கை கலெக்டருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்து நண்பர்கள் குழு (பேரு, கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் கடைசி தாள்ல இருக்கு)

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், சிவகங்கை

பொருள்: மாற்றுத்திறனாளிகள், முதியோர் இல்லத்துல இருக்கவங்க, ஹோம் பிள்ளைகள் இவங்கள்லாம் மஞ்சுவிரட்டும் மத்த விளையாட்டுகளும் நேர்ல பாக்க வழி செஞ்சு தரச்சொல்லி கேக்குறது சம்பந்தமா

கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

மனு எழுதி பழக்கம் இல்ல, பேசுற மாதிரியே எழுதுறோம், தப்பா எடுத்துக்காதீங்க. குறைதீர்க்கும் நாள்ல வரிசையில நின்னு கொடுக்குறப்போ ரெண்டு நிமிஷத்துல இவ்வளவையும் சொல்ல முடியாது, அதான் நீளமா எழுதியிருக்கோம், சாவகாசமா படிங்க.

நாங்க பெரிய ட்ரஸ்ட் எல்லாம் கிடையாது, ஆறேழு பேரு, அவ்வளவுதான். ஒருத்தர் டூவீலர் மெக்கானிக், ஒருத்தர் ரிட்டயர் ஆன பி.டி. சார், ஒரு நர்சம்மா, டீக்கடை வச்சிருக்க தம்பி, சிங்கப்பூர்ல இருந்து மாசாமாசம் கொஞ்சம் காசு அனுப்புற ரெண்டு பேரு. பண்ற வேலை ஒண்ணே ஒண்ணு. விளையாட்டு பாக்கணும்னு ஆசை இருந்தும் போக வழி இல்லாதவங்களை கூட்டிட்டு போயி உக்கார வச்சு, பாத்து முடிச்சதும் பத்திரமா கொண்டாந்து விடுறது.

இதைக் கேட்டு நிறைய பேரு சிரிச்சாங்க, சோத்துக்கே வழியில்லாதவனுக்கு மேட்ச் ஒரு கேடான்னு. அவங்களுக்கு நாங்க சொல்றது என்னன்னா, சோறு போட இந்த ஊருல ஆளுக்கு பஞ்சமே இல்லைங்க, பொறந்தநாள், நினைவுநாள், கல்யாண நாள்னா ஹோமுக்கு வடை பாயசத்தோட சாப்பாடு வந்து எறங்கிடும், ஒரே நாள்ல ரெண்டு வீட்டு சாப்பாடு வந்து மிஞ்சிப்போன கதையெல்லாம் உண்டு. ஆனா ஒரு சாயங்காலம் வெளிய கூட்டிட்டு போக யாரும் வர்றதில்ல. போட்டோ எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல கிளம்பிடுறாங்க (குத்தம் சொல்லலை, நாங்களும் அப்படித்தான் இருந்தோம்).

இது ஆரம்பிச்சது ஒரு ஆச்சியாலதான். முதியோர் இல்லத்துல இருக்காங்க, வயசு எண்பதுக்கு மேல. நர்சம்மா பிரஷர் பாக்க போனப்போ டிவியில கிரிக்கெட் ஓடிட்டு இருந்திருக்கு, ஆச்சி பாட்டுக்கு ஃபீல்டிங் சரியில்லைன்னு திட்டிட்டு இருந்திருக்காங்க. பேச்சு கொடுத்தா, 1986-ல சேப்பாக்கத்துல இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி டை ஆன டெஸ்ட்டை ரேடியோவுல கேட்டவங்களாம், கடைசி விக்கெட் மணிந்தர் சிங்குக்கு எல்.பி.டபிள்யூ கொடுத்தது தப்பு, பந்து பேட்ல பட்டுச்சுன்னு இன்னிக்கும் சண்டைக்கு வர்றாங்க. இத்தனை தெரிஞ்ச ஆச்சி ஒரு தடவை கூட கிரவுண்டுக்குள்ள கால் வச்சதில்ல. அந்த சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு பேரே எம்.ஏ. சிதம்பரம், நம்ம செட்டிநாட்டு அரண்மனை வீட்டுப் பிள்ளை, கிரிக்கெட் போர்டுக்கே தலைவரா இருந்தவர். அந்த அரண்மனை இருக்க கானாடுகாத்தான்ல இருந்து கூப்பிடு தூரத்துல பொறந்த ஆச்சிக்கு அந்த கிரவுண்டு டிவி பெட்டிக்குள்ள மட்டும்தான்.

சரின்னு ஒரு வேன் பிடிச்சு, ஆச்சியும் சேர்த்து 11 பேரை ஒரு மேட்ச்சுக்கு கூட்டிட்டு போனோம். எந்த கிரவுண்டுன்னு எழுதலை, யாரையும் போட்டுக்கொடுக்க இந்த மனு இல்ல. டிக்கெட்டுக்கு ஸ்பான்சர் ஒரே நாள்ல கிடைச்சுட்டாங்க. அப்புறம்தான் இருந்துச்சு கதை. வண்டி நிறுத்துற இடத்துல இருந்து கேட்டுக்கு அரை கிலோமீட்டர் நடை, கேட்டுல இருந்து சீட்டுக்கு படி, படின்னா முழங்கால் உயரத்துக்கு, பிடிக்க கம்பி கிடையாது, பாத்ரூம் இன்னொரு பக்கம், அங்கயும் படி. ஆச்சி மதியத்துல இருந்தே தண்ணி குடிக்கலை, ஏன்னு கேட்டா "பாத்ரூம் எங்க இருக்கோ என்னவோ, எதுக்கு வம்பு"ன்னுட்டாங்க. மேட்ச் முடிஞ்சு ராத்திரி எல்லாரையும் வீட்டுல கொண்டுபோய் விடுறப்போ மணி ரெண்டு. ஆனா ஆச்சி மறுநாள் காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு இல்லத்துல எல்லாருக்கும் பால் பை பாலா கமெண்ட்ரி சொல்லியிருக்காங்க.

அன்னிக்குதான் எங்களுக்கு புரிஞ்சுது, டிக்கெட்ங்கிறது இருக்கறதுலயே சின்ன வேலை. உள்ள போறது, உக்கார்றது, ஒண்ணுக்கு போறது, வீடு திரும்புறது, இந்த நாலும்தான் ஆளை வீட்டுலயே உக்கார வைக்குது. இந்த நாலுல பாதி உங்க கையெழுத்துல சரியாகிடும், அதுக்குத்தான் உங்ககிட்ட வர்றோம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். கிரிக்கெட்டை விடுங்க, நம்ம சீமைக்கு விளையாட்டுன்னா மஞ்சுவிரட்டு. தை மூணாம் தேதி சிராவயல் பொட்டல்ல எவ்வளவு கூட்டம் கூடும்னு உங்களுக்கு நாங்க சொல்ல வேண்டியதில்ல, நீங்களே மேடையில இருப்பீங்க. காந்தியும் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவும் 1927-ல சந்திச்ச ஊருன்னு படிச்சவங்க சொல்லுவாங்க, எங்களுக்கு சிராவயல்னா மாடுதான்.

எங்களுக்கு தெரிஞ்ச ஒரு அண்ணன், மாடுபிடி வீரர். பல வருஷத்துக்கு முன்னாடி முதுகுல முட்டு வாங்கி தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல. மாட்டு மேல கோவம் இல்லையாண்ணேன்னு கேட்டா, "அதுக்கு என்ன தெரியும், நான்தானே போயி அது மேல விழுந்தேன்"ங்கிறாரு. தை பொறந்தா போதும், கட்டில்ல படுத்துக்கிட்டே எந்த ஊரு மாடு எத்தனை வருஷமா பிடிபடலைன்னு கணக்கு சொல்லுவாரு. 2014-ல தடை வந்தப்போ அவரு வீட்டுல ரெண்டு நாள் சரியா சாப்பிடலையாம். 2017 தை மாசம் ஊரே ரோட்டுல உக்காந்தப்போ அவரையும் வீல்சேரோட தூக்கிட்டு போயி முன்னாடி வச்சாங்க, அப்புறம் சட்டம் வந்துச்சு, 2023 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு, எல்லாரும் போயி மாடு பாக்குறாங்க, அவரு மட்டும் பாக்கலை. போராட்டத்துக்கு கூப்பிடத் தெரிஞ்சவங்களுக்கு மாடு பாக்க கூப்பிடத் தெரியலை.

போன தடவை ஒரு ஊரு மஞ்சுவிரட்டுக்கு நாங்க கூட்டிட்டு போனோம். கேலரி சவுக்குக் கம்புல கட்டுனது, ஏற ஏணி மாதிரி ஒண்ணு. நாலு பேரு சேர்ந்து தூக்கப் போனோம், "இறக்கி விடுங்கடா, நெல்லு மூட்டையா நான்"னு சத்தம் போட்டாரு. அவரு கேட்டதுல நியாயம் இருந்துச்சு. கடைசியில தூரத்துல ஒரு குட்டியானை வண்டியை நிறுத்தி, பின்னாடி வீல்சேரை ஏத்தி கயிறு போட்டு கட்டி உக்கார வச்சோம். அங்க இருந்து தெரிஞ்சது எல்லாரோட முதுகு மட்டும்தான். முன்னூறு அடி தள்ளி ஓடுற மாட்டை அவரு செல்போன் லைவ்ல பாத்தாரு. வீட்டுலயே பாத்திருக்கலாமே அதை.

அதே நாள் எங்ககூட கண்ணு தெரியாத காலேஜ் தம்பி ஒருத்தனும் வந்தான். உனக்கு என்னடா அங்க வேலைன்னு அவன் மாமாவே கேட்டாரு. அவனுக்கு எல்லாமே மைக்செட்டுதான். மைக்கை பிடிச்சிருக்கவர் மாட்டோட ஊரையும் உரிமையாளர் பேரையும் சொல்லி, "தொட்டுப் பார், விடாதே, மாடு வெற்றி"ன்னு மூச்சு விடாம கத்துறதை கேட்டு இவன் சிரிக்கிறான், கைதட்டுறான், கூட்டம் ஓன்னு கத்துற சத்தம் எந்தப் பக்கம் நகருதுன்னு வச்சு மாடு எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு கரெக்டா சொல்றான். நெரிசல்ல அவனை நாலு தடவை தள்ளிவிட்டாங்க, குச்சி உடைஞ்சு போச்சு. கூப்பிட்டா அடுத்த வருஷமும் வர ரெடிங்கிறான். அந்த மைக்காரர் யாருன்னு தெரியலை, தெரிஞ்சா ஒரு சால்வை போடணும்.

நாங்க கேக்குறது இதுதான். மஞ்சுவிரட்டு, மாட்டை வடக்கயித்துல கட்டி விடுற வடமாடு எதுவா இருந்தாலும் விழாக்குழு உங்ககிட்ட விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கித்தான் நடத்துறாங்க. ரெட்டைத் தடுப்பு போடணும், பார்வையாளர் மேடை உறுதியா இருக்குன்னு பொதுப்பணித்துறை பாக்கணும், மாட்டுக்கு கால்நடை டாக்டர், ஆளுக்கு மெடிக்கல் செக்கப்னு கண்டிஷன் வரிசையா இருக்கு. அதோட ஒரே ஒரு வரி சேருங்க, வீல்சேர் ஏறுற மாதிரி சாய்வுப்பாதையோட ஒரு மேடை கட்டாயம்னு. நாங்க சொன்னா கமிட்டிக்காரங்க அடுத்த வருஷம் பாப்போம்பாங்க, உத்தரவுல இருந்தா அந்த வருஷமே கட்டுவாங்க.

பந்தல்காரர்கிட்ட விசாரிச்சுட்டுதான் எழுதுறோம். சாய்வுக்கு கணக்கு 1-க்கு 12, அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும், அதுக்கு மேல செங்குத்தா போட்டா வீல்சேர் பின்னாடி உருண்டுடும். ரெண்டு அடி மேடைக்கு 24 அடி சாய்வு போதும், ஆனா முன்னாடி ஆளு நின்னா ஒண்ணும் தெரியாது. அதனால நாலு அடி மேடை, 48 அடி சாய்வு, நடுவுல ஒரு திருப்பம், ரெண்டு பக்கமும் கைப்பிடி, மேல ஒரு கீத்துப் பந்தல். 20 வீல்சேரும் கூட வர்றவங்களும் உக்கார்ற அளவு. பக்கத்துலயே ஏறி இறங்க சுலபமா ஒரு தற்காலிக பாத்ரூம், வண்டி நேரா அது வரைக்கும் வர ஒரு வழி. முதல் வருஷம் சிராவயல்ல மட்டும் செஞ்சு பாருங்க. சவுக்குக் கம்பு, பலகை செலவுல பாதி நாங்க வசூல் பண்ணித் தர்றோம், எழுதியே கொடுக்குறோம்.

சட்டத்துலயும் இடம் இருக்குன்னு எங்க பி.டி. சார் எடுத்துக் கொடுத்தாரு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 29-ம் பிரிவு பொழுதுபோக்கு பத்தி, 30-ம் பிரிவு விளையாட்டு பத்தி. உங்களுக்கு தெரியாததில்ல.

ரெண்டாவது, ஓசி பாஸ். எந்த விளையாட்டு நடந்தாலும் வி.ஐ.பி. பாஸ்னு ஒரு கட்டு போகும், அதுல பாதி சீட்டு காலியாத்தான் கிடக்கும், போறவங்களும் பாதி நேரம் செல்போனை நோண்டிட்டு இருப்பாங்க. நம்ம ஊரு நகரத்தார் பழக்கத்துல மகமைன்னு ஒண்ணு உண்டு, பர்மா, மலாயான்னு எங்க போயி வியாபாரம் பண்ணாலும் லாபத்துல ஒரு பங்கு கோயிலுக்கும் தர்மத்துக்கும் தனியா எடுத்து வச்சுடுவாங்க, அப்புறம்தான் தனக்கு. பாஸ்லயும் அந்த மாதிரி மகமை எடுத்து வைக்கச் சொல்லுங்க, நூறு பாஸ் அடிச்சா அஞ்சு. நத்தத்துல தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் மேட்ச் நடக்குது, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வழியா போயிடலாம், உங்க ஆபீஸ் லெட்டர்பேடுல ஒரு கடிதம் போனா எங்களால வாங்க முடியாத பாஸ் தானா வரும். இது ஒண்ணும் நடக்காத விஷயம் இல்ல, மும்பை வான்கடேல வருஷா வருஷம் ஒரு ஐ.பி.எல். மேட்ச்சுக்கு தொண்டு நிறுவனப் பிள்ளைகளை கூப்பிடுறாங்க, 2024-ல மட்டும் 18 ஆயிரம் பிள்ளைங்க. நாங்க 18 ஆயிரம் கேக்கலை, ஒரு வேன் நிறைய கேக்குறோம்.

டிக்கெட்டே இல்லாத விளையாட்டும் இருக்கு. முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டியில மாற்றுத்திறனாளிகளுக்குன்னே தனிப் பிரிவு நடக்குது, கேலரியில பாத்தா ஆடுறவனோட அண்ணன் தம்பி மட்டும்தான் உக்காந்திருப்பாங்க. அதே நேரத்துல ஹோம்ல பிள்ளைங்க சுவத்தை பாத்து உக்காந்திருக்கு. மாரியப்பன் 2016 ரியோல தங்கம் வாங்குனாரு, டோக்கியோல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம், அதே பாரிஸ்ல துளசிமதி பேட்மிண்டன்ல வெள்ளி வாங்குச்சு, இதெல்லாம் அந்தப் பிள்ளைங்களுக்கு பொது அறிவுக் கேள்வியாத்தான் தெரியும். கால் சூம்பிப்போன ஒரு பையன், தன்னை மாதிரியே கால் உள்ள இன்னொருத்தன் குண்டு எறியறதை பத்தடி தூரத்துல இருந்து பாக்கட்டுமே. போட்டித் தேதியை ஒரு வாரம் முன்னாடி எங்களுக்கு சொல்லச் சொல்லுங்க, கூட்டிட்டு வர்றது எங்க பாடு. ஒரு அரசு வண்டி மட்டும் கொடுத்தா டீசல் நாங்க போட்டுக்குறோம்.

அனுமதி விஷயமும் ஒண்ணு இருக்கு. ஹோம் பிள்ளைகளை வெளிய கூட்டிட்டு போக எழுத்துல அனுமதி வேணும், அது வேணும்தான், யாரு வேணாலும் வந்து கூட்டிட்டு போக விட்டா நாங்களே சண்டைக்கு வருவோம். ஆனா ஒரு தடவை எங்க கையில லெட்டர் கிடைச்சப்போ மேட்ச் முடிஞ்சு நாலு நாள் ஆகியிருந்துச்சு. எங்களையெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணிக்கோங்க, ஆதார் எடுத்துக்கோங்க, பொண்ணு பிள்ளைங்க வந்தா கூட ஒரு வார்டன் அம்மா வரட்டும், அதெல்லாம் சரி, ஆனா வருஷத்துக்கு இன்ன இன்ன நாலு நிகழ்ச்சின்னு மொத்தமா முன்கூட்டியே அனுமதி கொடுத்துடுங்க. அப்பா அம்மா இல்லாத பிள்ளைகிட்ட "இன்னும் லெட்டர் வரலைடா"ன்னு மூணு தடவை சொல்லிப்பாத்துட்டோம், நாலாவது தடவை அது எங்ககிட்ட கேக்கவே இல்ல.

தைக்கு இன்னும் மாசம் இருக்கு. விழாக்குழு கூட்டம் போடுறப்போ எங்கள்ல ஒருத்தரையும் கூப்பிட்டு உக்கார வச்சா மேடை எங்க வரணும்னு இடத்தை காமிச்சுடுவோம். வடக்குப் பக்கம் வேண்டாம்னு அந்த அண்ணன் இப்பவே சொல்லிட்டாரு, மாடு திரும்பி வர்ற பக்கமாம் அது. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்.

இந்த மனுவோட கோட்டையூர் பந்தல்காரர் போட்டுக் கொடுத்த மேடை படம் ஒண்ணு, வர விரும்புறவங்க 43 பேரோட லிஸ்ட் ஒண்ணு வச்சிருக்கோம். ஆச்சி பேரு முதல்ல இருக்கு.

இப்படிக்கு,
குழுவுல உள்ள எல்லாரும்
காரைக்குடி