காற்றுச் சுரங்கத்தின் பூட்டு திறக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "பிளேன் ஓட்டப் போறாளா?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள்; பதில் சொல்லி அலுத்துவிட்டது. என் கவலை வேறு.

இறக்கையின் மேல் காற்று ஓடும்போது அழுத்தம் எப்படி மாறுகிறது, எந்தக் கோணத்தைத் தாண்டினால் தூக்குவிசை சட்டென்று விழுகிறது ('ஸ்டால்' என்கிறாள் மகள்) என்பதையெல்லாம் கண்ணால் பார்க்கத்தான் காற்றுச் சுரங்கம், அதாவது சின்ன மாதிரி இறக்கையை உள்ளே வைத்து அதன்மேல் காற்றை ஓடவிடும் 'விண்ட் டனல்'. கல்லூரியில் அது இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் தூசி தட்டுகிறார்கள். பிள்ளைகள் சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொள்கிறார்கள்.

ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி, நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கிறது. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. ஆனால் போன வருடம் 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று பஸ் போனது கொடைக்கானலுக்கு! அனுமதி கேட்டு ஒரு கடிதமாவது எழுதினார்களா தெரியவில்லை.

அடுத்த செமஸ்டரிலாவது வாரம் இரண்டு மணி நேரம் அந்தப் பூட்டைத் திறக்கட்டும். கரண்டு பில்தான் தடை என்றால் பெற்றோர் நாங்கள் பங்கு போட்டுக் கட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
திருமங்கலம்.