ஆல்ப்ஸ் இல்லாத சுவிஸ் கதை: அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணிக்கு,

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ராத்திரி ராத்திரி 'தி சுவிஸ் ஃபேமிலி ராபின்சன்' வாசித்துக் காட்டப் போவதாகவும், கூடவே சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். இதே யோசனையில் வேறு சில அம்மாக்களும் இருப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கொடி வரைவது, சாக்லேட், சீஸ், கைக்கடிகாரம், மலைப் படம் ஒட்டுவது. இதற்கெல்லாம் அந்தப் புத்தகமே தேவையில்லை, அண்ணி. புத்தகத்தைத் திறந்தால் பெரியவன் முதலில் கேட்கப்போவது, "இதுல சுவிட்சர்லாந்து எங்கம்மா?" என்றுதான். கப்பல் உடைகிறது, ஒரு வெப்பமண்டலத் தீவு, தென்னை, கரும்பு, குரங்கு. பனியும் இல்லை, மலையேற்றமும் இல்லை. ஆனால் பசு இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கரை சேர்ந்த குடும்பம் உடைந்த கப்பலுக்குத் திரும்பிப் போய், பசுவையும் கழுதையையும் இரண்டு பக்கமும் காலிப் பீப்பாய் கட்டிக் கடலில் நீந்தவைத்துக் கொண்டுவருகிறது. இங்கே சுவிட்சர்லாந்தில் இன்றைக்கும் கோடையில் மாடுகளை மேலே மலைப்புல்லுக்கு ஓட்டிப்போய், இலையுதிர் காலத்தில் கீழே இறக்குவார்கள். தலையில் பூ அலங்காரம், கழுத்தில் பானை அளவு மணி. மாடு வருகிறது என்றால் சாலையில் வண்டிகள் நின்றுவிடும். அந்தக் கோடையில் மலையில் யாராவது இறந்துபோயிருந்தால் பல ஊர்களில் அலங்காரம் இல்லாமல் மாடுகள் சும்மா இறங்கும். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பீப்பாய்ப் பசு அத்தியாயத்தை வாசியுங்கள். உயிரே ஊசலாடும்போது ஒரு பசுவுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

எழுதியவரைப் பற்றி ஒரு வார்த்தை. யோஹான் டேவிட் வீஸ், நான் இருக்கும் இதே பெர்ன் நகரத்துப் போதகர். இங்கே மூன்ஸ்டர் என்று ஒரு பெரிய தேவாலயம். அங்கே ஊழியம் செய்தவர். 1421-ல் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் கோபுரம் 1893-ல்தான் முடிந்தது. ஆக, அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது பாதியில் நின்ற கோபுரத்தை. தன் நான்கு மகன்களுக்காக எழுதிய கதை இது. கதையிலும் நான்கு மகன்கள். ஒரு மகன் படம் வரைந்தார். இன்னொருவர், யோஹான் ருடால்ஃப், கையெழுத்துப் பிரதியைச் சீர்செய்து 1812-ல் சூரிச்சில் அச்சுக்குக் கொண்டுவந்தார். இந்த ருடால்ஃப் எழுதிய பாட்டைத்தான் 1961 வரை இங்கே தேசிய கீதமாகப் பாடினார்கள். மெட்டு? பிரிட்டன் தேசிய கீதத்தின் அதே மெட்டு. யூடியூபில் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள்.

போகிற போக்கில் ஒன்று. மூன்ஸ்டரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 16-ம் நூற்றாண்டு நீரூற்று ஒன்று வரும். அதன் உச்சியில் ஒரு ராட்சசன் குழந்தையை வாயில் திணித்துக்கொண்டிருப்பான், பையில் இன்னும் சில பேர் காத்திருப்பார்கள். படம் அனுப்புகிறேன். சின்னவள் பயப்படமாட்டாள், பெரியவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் சுவிட்சர்லாந்து இருப்பது இடத்தில் இல்லை, அந்த அப்பா பிள்ளைகளை வளர்க்கிற விதத்தில். மூழ்கும் கப்பலில் பீப்பாய்களைப் பாதியாக அறுத்து எட்டுத் தொட்டிகளாக்கி, பலகையில் வரிசையாகப் பொருத்திப் படகு செய்கிறார்கள். செய்து முடித்தால் அசையவே மாட்டேன் என்கிறது. அப்பா கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, உருளைக்கட்டைகளைச் செருகிக் காட்டுகிறார். அந்த நெருக்கடியிலும் ஆர்க்கிமிடீஸைப் பற்றி ஒரு பாடம்! கடலுக்குள் போகப்போகிற பிள்ளைகளுக்கு நெம்புகோல் வகுப்பு. எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கவனியுங்கள், அவர் செய்து காட்டுகிறார், செய்ய விடுகிறார். ரம்பமும் துப்பாக்கியும் பையன்கள் கையிலேயே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் இந்த நாடே கல்வியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஜெனீவாக்காரரான தத்துவஞானி ரூசோ, ஒரு கற்பனை மாணவனை வளர்ப்பதைப் பற்றி 1762-ல் எழுதிய 'எமீல்' நூலில், அவன் முதலில் படிக்க வேண்டிய புத்தகம், தனியாகத் தீவில் சிக்கிய ஒருவனின் கதையான 'ராபின்சன் குருசோ' என்றார். அந்த நூலை ஜெனீவாவிலேயே எரித்தார்கள். 1765-ல் அவர் பீல் ஏரியில் ஒரு சின்னத் தீவுக்கு வந்து தங்கினார். பெர்ன் அரசு அங்கிருந்தும் விரட்டியது. கடலே இல்லாத நாட்டிலும் ஒரு தீவுக் கதை இருக்கிறது பாருங்கள். அப்புறம் கல்வியாளர் பெஸ்டலோட்ஸி. தலை, இதயம், கை மூன்றும் சேர்ந்து கற்க வேண்டும் என்றவர். பெர்னுக்குப் பக்கத்தில் பர்க்டார்ஃப் ஊரில் பள்ளி நடத்தினார். வீஸ் இந்தக் காற்றைச் சுவாசித்தவர். தனி ஆள் குருசோவை எடுத்துவிட்டு, ஒரு குடும்பத்தையே தீவில் இறக்கிப் பள்ளிக்கூடமாக்கிவிட்டார்.

பிள்ளைகளைத் தாங்களாகவே செய்ய விடுகிற அந்த வழக்கம் இன்றைக்கும் இங்கே தெருவில் தெரியும். மழலைப் பள்ளிக் குழந்தைகள் கழுத்தில் ஒளிரும் முக்கோணப் பட்டை மாட்டிக்கொண்டு தாங்களாகவே நடந்து போவார்கள். காரில் கொண்டுபோய் விட வேண்டாம் என்று பெற்றோரிடம்தான் சொல்வார்கள். எங்கள் பொடியனின் வகுப்பு மழையிலும் காட்டுக்குப் போகும். அங்கே குச்சி சீவக் கத்தி கொடுப்பார்கள். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளியே போக வேண்டும், பக்கத்து ஆள் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. முதல் நாள் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆகவே கொடி வரைவதற்குப் பதிலாக அவர்கள் கையில் வேலை கொடுங்கள். நவம்பரில் இங்கே பிள்ளைகள் டர்னிப்பைக் குடைந்து விளக்கு செய்து ஊர்வலம் போவார்கள்; சூரிச் ஏரிக்கரையில் ரிக்டர்ஸ்வில் ஊரின் ஊர்வலம் பேர்போனது. மேலே மூடிபோல் வெட்டி, உள்ளே கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஒரு விரல் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் வெளியே ஊதாத் தோலை மட்டும் நட்சத்திரம், நிலா என்று சீவி எடுக்க வேண்டும். வெள்ளைச் சதையை வெட்டிவிடக்கூடாது. மெழுகுவத்தி வைத்தால் சீவிய இடம் மட்டும் ஒளிரும். ஊட்டி டர்னிப் கிடைக்காவிட்டால் நூல்கோலில் முயன்று பாருங்கள். சமையல் வேண்டுமென்றால் ரோஷ்டி போதும். பெர்ன் பக்கத்து விவசாயிகளின் காலைச் சாப்பாடு அது. முந்தின நாளே வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெயில் அடைபோல் பரப்பி இரண்டு பக்கமும் சிவக்க விடுவது. சின்னவளே துருவட்டும்.

புத்தகத்தில் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கண்ணில் பட்ட மிருகத்தையெல்லாம் சுடுகிறார்கள். பென்குயினும் கங்காருவும் சிங்கமும் ஒரே தீவில் உலாவுகின்றன. உலக வரைபடத்தை விரித்துவைத்து ஒவ்வொன்றின் சொந்த ஊரையும் பெரியவன் கண்டுபிடிக்கட்டும், அதுவே ஒரு வார வேலை. அம்மா சமைக்கிறாள், தைக்கிறாள், அவள் பையில் இல்லாத சாமானே இல்லை. ஆனாலும் கதை சொல்லும் அப்பாவுக்கு அவள் 'என் மனைவி'தான். இங்கே பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் ஓட்டுரிமை கிடைத்தது 1971-ல். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலத்தில் உள்ளூர் ஓட்டுக்கு 1990 வரை காத்திருந்தார்கள், அதுவும் கோர்ட் சொன்ன பிறகு. சின்னவளிடம் இதை மறைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு சுவிஸ் குடும்பம் ஏன் பெட்டி படுக்கையோடு கப்பலேற வேண்டும்? பணக்கார நாடு என்பது பின்னால் வந்த பெயர். அப்போது பிழைக்க வழியில்லாமல் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். 1710-ல் அமெரிக்காவில் நியூ பெர்ன், 1819-ல் பிரேசிலில் நோவா ஃப்ரிபுர்கோ, 1845-ல் விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் எல்லாம் அப்படி உருவான ஊர்கள்தான். இன்றைக்கு இங்கே வந்து சேர்கிறவர்கள் அதிகம். பெர்னில் 2014-ல் திறந்த சமயங்களின் இல்லத்தில் ஒரே கூரையின் கீழ் மசூதியும் தேவாலயமும் நம் சிவன் கோவிலும் இருக்கின்றன. ஈழத்துப் பிள்ளைகள் பெர்ன் வட்டார ஜெர்மன் பேச்சில் அரட்டை அடித்துக்கொண்டு பிரசாதம் வாங்குவார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் படமும் அனுப்புகிறேன்.

பதிப்பு பார்த்து வாங்குங்கள். இங்கே லொசான் நகரத்தைச் சேர்ந்த இசபெல் த மோந்தோலியு என்ற எழுத்தாளர் 1814-ல் பிரெஞ்சில் கொண்டுவந்தார், பிற்பாடு தானே கதையை நீட்டவும் செய்தார். ஆங்கிலத்தில் பலரும் வெட்டியும் ஒட்டியும் போட்டிருக்கிறார்கள். 1879-ல் கிங்ஸ்டன் என்பவர் கொண்டுவந்த ஆங்கிலப் பதிப்பு வாசித்துக் காட்டத் தோதானது. கதையில் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நீளமாக வந்தால் தாண்டிவிடுங்கள், வீஸ் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மரவள்ளி அத்தியாயத்தை மட்டும் தாண்டாதீர்கள். கிழங்கைத் துருவி, விஷச் சாற்றைப் பிழிந்து விட்டு, மிஞ்சிய மாவில் ரொட்டி சுட்டு, முதலில் கோழிக்கும் குரங்குக்கும் கொடுத்துச் சோதிக்கிறார்கள். மரவள்ளி விளையும் ஆத்தூரில் இருந்துகொண்டு இதைப் படத்தில் பார்ப்பானேன்? அண்ணனுக்குத் தெரிந்த சேகோ (ஜவ்வரிசி) மில் ஏதாவது இருக்கும், ஒரு நாள் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தீவில் சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையை எடுத்துக்கொள்கிறார்கள்; மில்லில் கிழங்குப் பாலைப் படியவிட்டு மாவு எடுத்துக்கொண்டு திப்பியை, அதாவது சக்கையை, ஒதுக்குகிறார்கள். ஏன் இப்படித் தலைகீழாக என்று பெரியவனைக் கேளுங்கள். விடை தெரிந்தால் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடட்டும்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
பெர்ன்