பழைய பங்கு விலையோடு ஒரு வரி விளக்கமும் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் பங்குச் சந்தைச் செய்திகளில் "பத்தாண்டுக்கு முன் இந்தப் பங்கு இன்ன விலை, இன்று இன்ன விலை" என்று அடிக்கடி வருகிறது. அந்தப் பழைய விலை அன்று சந்தையில் உண்மையிலேயே கைமாறிய விலையா, பிற்பாடு திருத்திக் கணக்கிட்ட விலையா என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நான் சிங்கப்பூரில், ஜூரோங் பகுதியில் கப்பல் பட்டறைகளுக்குச் சாமான் சப்ளை செய்த ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். பங்குத் தரகு செய்ததில்லை. இதை வாங்கு, அதை விற்றுவிடு என்று யாருக்கும் சொல்வதுமில்லை. ஆனால் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதைப் பேரேட்டில் ஏற்றக்கூடாது என்ற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

மத்திய சேமநிதிக் கழகத்தின் பொறுப்பில் இருந்த, தொலைபேசி நிறுவனமான சிங்டெலின் சலுகை விலைப் பங்குகள் 2025-இல் அவரவர் பெயரில் பங்குகளை வைத்திருக்கும் சிடிபி கணக்குக்கு மாறின. அதிலிருந்து ஈசூனில் எங்கள் புளோக்கில் எனக்கு ஒரு புது வேலை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அக்கம்பக்கத்தார் அது பற்றி வந்த கடிதத்தை நீட்டுகிறார்கள். "அக்கா, தொண்ணூத்தி மூணுல ஒன்னு தொண்ணூறுக்கு வாங்கினது. இப்ப எவ்வளவு லாபம்னு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் மகன் கைப்பேசியில் வேறொரு விலையைக் காட்டி, "இல்லைம்மா, அப்போ விலை இதுதான்" என்கிறான். இருவர் சொல்வதும் சரிதான். சிக்கலே அதுதான்.

1993-இல் சிங்டெல் என்ன விலை என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. குடிமக்களுக்குச் சலுகையாகக் கொடுத்த 'ஏ' பிரிவுப் பங்கு 1.90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 'பி' பிரிவு 2 வெள்ளி. ஏலக் கேட்பில் போன 'சி' பிரிவு 3.60 வெள்ளி. நவம்பர் 1-ஆம் தேதி சந்தைக்கு வந்த அன்றே விலை 4 வெள்ளியைத் தாண்டியது. விற்காமல் வைத்திருந்த சலுகைப் பங்குதாரர்களுக்குப் பின்னர் விசுவாசப் பங்குகள் இலவசமாக வந்தன. 2004-இலும் 2006-இலும் மூலதனத்தைக் குறைத்தபோது சில பங்குகளை ரத்துசெய்து அவற்றுக்கு ரொக்கம் கொடுத்தார்கள். ஆக, பங்கின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது, நடுவில் பணமும் கைக்கு வந்திருக்கிறது. 1.90-ஐ இன்றைய விலையிலிருந்து கழித்து லாபம் சொன்னால் அது அரைக் கணக்குக்கூட இல்லை.

விலையை ஏன் திருத்துகிறார்கள் என்பதற்கு டிபிஎஸ் வங்கி நல்ல உதாரணம். 2024 ஏப்ரலில் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு போனஸாக, அதாவது இலவசமாகக் கொடுத்தார்கள். பங்கு 38.50 வெள்ளிக்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பங்கின் மதிப்பு 385 வெள்ளி. போனஸுக்குப் பிறகு அதே 385 வெள்ளி பதினோரு பங்குகளில் இருக்கிறது, அதாவது ஒன்று 35 வெள்ளி. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் திருத்தாத விலைப் படத்தைப் பார்ப்பவருக்கு அன்றைக்கு விலை தொப்பென்று விழுந்தது போலத் தெரியும். அதனால் போனஸுக்கு முந்தைய விலைகள் எல்லாவற்றையும் பதினொன்றால் வகுத்துப் பத்தால் பெருக்கிவிடுகிறார்கள். கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டிலும் இதே மயக்கம் உண்டு. போனஸுக்கு முன் ஒரு பங்குக்கு 54 காசு, அடுத்த காலாண்டிலும் 54 காசு. "ஏறவே இல்லையே" என்றார் கீழ்மாடி அண்ணன். கையில் பத்தில் ஒரு பங்கு கூடியிருப்பதால் அவருக்கு வந்த தொகையும் பத்து விழுக்காடு கூடியிருந்தது.

கெப்பல் நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரசியம். கப்பல் பட்டறைத் தொழிலைச் செம்ப்கார்ப் மரினோடு இணைத்தபோது, 2023-இல் ஒரு கெப்பல் பங்குக்கு 19.1 செம்ப்கார்ப் மரின் பங்கு என்று பகிர்ந்துகொடுத்தார்கள். அந்தக் கம்பெனி சீட்ரியம் என்று பெயர் மாறியது. 2024-இல் இருபது பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆயிரம் கெப்பல் வைத்திருந்தவருக்கு 19,100 வந்து, அப்புறம் அது 955 ஆனது. "என் பங்கு எங்கே போச்சு?" என்று பதறிக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார். இன்னொருவர் நேர்மாறாக, காசுக் கணக்கில் இருந்த பங்கு ஒரே நாளில் வெள்ளிக் கணக்குக்குத் தாவிவிட்டது என்று பூரித்துப்போய் வந்தார். பங்கு ஒருங்கிணைப்பு என்று இருவருக்கும் சொன்னேன். பூரித்தவருக்குத்தான் வருத்தம். இதற்கும் முன்னால் 2020-இலும் 2021-இலும் செம்ப்கார்ப் மரின், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் உரிமைப் பங்குகளை மலிவு விலையில் வெளியிட்டிருந்தது. இத்தனைக்கும் சேர்த்துத் திருத்திய படத்தில் பத்தாண்டுக்கு முந்தைய விலையைப் பார்த்தால், அந்தக் காலத்தில் யாருமே கொடுத்திராத ஒரு பெரிய தொகை நிற்கும். அதைப் பார்த்து "அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததா!" என்று வியப்பது வீண்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 1980-இல் பத்துக் காசுக்கு ஆப்பிள் பங்கு வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பத்துக் காசுக்கு ஆப்பிளை யாரும் விற்கவில்லை. அந்த டிசம்பரில் வெளியீட்டு விலை 22 அமெரிக்க டாலர். பிறகு ஐந்து முறை பங்கைப் பிரித்ததில் ஒன்று 224 ஆகிவிட்டது. 22-ஐ 224-ஆல் வகுத்த கணக்குதான் அந்தப் பத்துக் காசு. லாபம் உண்மை, விலை கற்பனை.

சரி, திருத்திய விலை என்றாலும் அதில் இரண்டு ரகம் இருக்கிறது. யாஹூ ஃபைனான்ஸ் போன்ற தளங்களில் 'குளோஸ்' என்ற பத்தியில் இருப்பது பங்குப் பிரிப்புக்குத் திருத்தியது. 'அட்ஜஸ்டட் குளோஸ்' என்ற பத்தியில் டிவிடெண்டையும் கணக்கில் எடுத்திருப்பார்கள். கணக்கு எழுதியவளுக்கு இந்த இரண்டாவது பத்திதான் முதலில் உறுத்தியது. ஒவ்வொரு முறை டிவிடெண்டு கொடுக்கும்போதும் பழைய எண்கள் எல்லாம் கொஞ்சம் குறையும். இன்று அச்செடுத்த 2010-ஆம் ஆண்டு விலையும் அடுத்த வருடம் அச்செடுக்கும் 2010-ஆம் ஆண்டு விலையும் ஒன்றாக இருக்காது. தவறில்லை, அதன் வேலை வேறு. இவ்வளவு காலத்தில் மொத்தமாக என்ன விழுக்காடு கிடைத்தது என்று அறிய அதைத்தான் பார்க்க வேண்டும். நான் அன்று எவ்வளவு கொடுத்தேன் என்று அறிய அது உதவாது.

டிவிடெண்டை விட்டுவிட்டுப் பேசுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய பிழை என்பேன். சிங்கப்பூரின் பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை அளக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2007 அக்டோபரில் 3,800-க்கு மேல் போனது. 2009 மார்ச்சில் 1,500-க்கும் கீழே இறங்கியது. நாள் முடிவில் 4,000-க்கு மேல் முதன்முறையாக நின்றது 2025-இல்தான். இதை வைத்து "பதினேழு பதினெட்டு வருஷம் சும்மா கிடந்த சந்தை" என்று காப்பிக்கடையில் பேசுகிறார்கள். அந்தக் குறியீடு விலையை மட்டும் அளப்பது. வங்கிகளும், வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் சொத்து அறநிதிகளும் நிறைந்த நம் சந்தையில் லாபத்தின் பெரும்பகுதி டிவிடெண்டாகத்தான் வருகிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் விலை ஏறவில்லை என்று புலம்புகிறவர், மாதாமாதம் வாங்கிய வாடகையையும் சொல்ல வேண்டும் அல்லவா?

தொடக்கத் தேதியையும் கவனிக்க வேண்டும். முதலீட்டு வகுப்பு நடத்துகிறவர்கள் 2009 மார்ச்சிலிருந்து கோடு போடுவார்கள், மலை ஏறுவது போல இருக்கும். சந்தையே வேண்டாம் என்பவர் 2007 அக்டோபரிலிருந்து தொடங்குவார். சந்தை ஒன்றேதான் என்றாலும் படம் இரண்டாகிவிடும். பட்டியலைவிட்டே போன கம்பெனிகளோ எந்தப் படத்திலும் வருவதில்லை. ரயில் நிறுவனமான எஸ்எம்ஆர்டியும் கப்பல் நிறுவனமான நெப்டியூன் ஓரியண்ட் லைன்ஸும் 2016-இல் போய்விட்டன. இப்போது பட்டியலில் இருப்பவற்றின் பழைய விலைகளை மட்டும் திரட்டிப் பார்த்தால், எல்லோருமே பிழைத்துக்கொண்டது போலத் தோன்றும்.

இங்கே யாரும் பங்கு வாங்கிய சீட்டைப் பத்திரப்படுத்துவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் பங்கு விற்ற லாபத்துக்குச் சாதாரண முதலீட்டாளர் வரி கட்டுவதில்லை. மரணச் சொத்து வரியும் 2008 பிப்ரவரியில் போய்விட்டது. வரி அதிகாரி கேட்காததால் நாமும் தூக்கி எறிந்துவிடுகிறோம். சென்னையில் என் நாத்தனார் வீட்டில் அப்படி முடியாது. பழைய பங்கை விற்றால் 2018 ஜனவரி 31-ஆம் தேதி விலையை அங்கே வரிக் கணக்குக்காகத் தேடியாக வேண்டும்.

சீட்டு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்: பழைய செய்தித்தாளைப் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களின் பங்கு விலைப் பக்கங்களைப் பார்க்கலாம். பொடி எழுத்துதான், மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். அதில் இருப்பது அன்றைய விலை. பின்னால் வந்த எந்தப் பிரிப்பும் எந்த போனஸும் அதைத் தொடவில்லை. காணாமல்போன கம்பெனிகளும் அங்கே வரிசையாக இருக்கின்றன. அந்த விலையை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனி சிங்கப்பூர் பங்குச் சந்தையில் வெளியிட்ட அறிவிப்புகளிலிருந்து போனஸ், பிரிப்பு, உரிமைப் பங்கு விவரங்களைச் சேர்த்தால், கால்குலேட்டரிலேயே கணக்கை முடித்துவிடலாம்.

நாளிதழில் இடம் எவ்வளவு அருமை என்பது தெரியும். பழைய விலையை மேற்கோள் காட்டும் செய்தியின் கீழே, பொடி எழுத்திலாவது, "போனஸ், பங்குப் பிரிப்புக்குத் திருத்திய விலை, டிவிடெண்டு சேர்க்கப்படவில்லை" என்றோ, "அன்றைய சந்தை விலை, திருத்தப்படாதது" என்றோ போட்டால் போதும். கூடவே ஒரு ஆண்டில் கொடுத்த மொத்த டிவிடெண்டையும் காசுக் கணக்கில் போட்டீர்கள் என்றால், எங்கள் புளோக்கில் மின்தூக்கி வந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்லும் வேலை எனக்குக் குறையும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி